திறந்து பார்க்காத சல்லடை

அன்புள்ள ரிஹாப்,

என் பேரன் ஹிஷாம் மருந்துக்கடை திறந்துவிட்டான். பேத்தி நெஸ்மா பல் டாக்டராகிவிட்டாள். நீயோ ரியாதில், கம்ப்யூட்டர்களை அடுக்கப்போகும் புதுக் கட்டடத்தில், அவற்றைக் குளிரவைக்கும் தண்ணீர்க் குழாய்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் இன்ஜினியர். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இதைத் தாந்தா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

நேற்று, அங்கே உன் கட்டடத்திலேயே வேலை செய்த நம் தெரு பைப் ஃபிட்டர் சப்ரியின் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள். "ஹாஜ்ஜா, குழாயை ஒழுங்கா கழுவலேன்னு எம்புருஷனை வேலையைவிட்டு அனுப்பிட்டாங்க. 'இன்னும் துரு வருது, நாளைக்கும் கழுவணும்'னு அவர் தலைபாடா அடிச்சிக்கிட்டாரு. குழாய்ல துருவைப் பிடிக்கிற சல்லடையைத் திறந்தே பாக்காம, சுத்தம்னு கையெழுத்துப் போட்டது உங்க பேத்திதான்!" என்றாள். துரு போய் அடைத்துப் பம்பு உடைந்து, பழி அவன்மேல் விழுந்த பிறகும் நீ வாயே திறக்கவில்லையாமே.

மாவுச் சல்லடையைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தானடி நான் ரொட்டிக்குப் பிசைகிறேன்! மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்தினார்களா? படுத்தட்டும். கை உன்னுடையதுதானே? போய் உண்மையைச் சொல். அவனைத் திரும்பக் கூப்பிடச் சொல்.

வெள்ளை ஹெல்மெட் போட்ட உன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். ஆணியைப் பிடுங்கவில்லை. சப்ரியும் நீயும் அந்தப் பம்புக்குப் பக்கத்தில் நிற்கிற புதுப் படம் ஒன்றைத் தபாலில் அனுப்பு.

உன் அப்பாவைப் பெற்றவள்