பெட்டி கட்ட வந்தவர்கள்

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. கையெழுத்தில் கடிதம் என்றதும் நீ கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவாய். அங்கே கெட்ட செய்தி எதுவும் இல்லை, நிதானமாக வரிசையாகவே படி. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ, மாமா, அத்தை மூன்று பேரும் ஒன்றாக வருகிறீர்கள், நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. "லைன் சரியில்லம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று தப்பிக்கவும் முடியாது.

நீ அனுப்பிய ஆட்கள் சனிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தார்கள். நான் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தேன். வெளியே நாலு பேர், ஒரு கட்டு அட்டை, பெரிய டேப் உருளைகள், கீழே தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வண்டி. நடுவில் நின்ற மேஸ்திரி "வீடு காலி பண்ணணும்னு புக்கிங் மேடம்" என்றார். யார் வீட்டை என்று கேட்டேன். போனை நீட்டினார். என் பெயர், என் கதவு எண், கீழே உன் பெயர், பக்கத்தில் "அம்மாவை எதையும் தூக்க விடாதீர்கள்" என்று உன் குறிப்பு. அந்தக் குறிப்பைப் பார்த்ததும் கொஞ்சம் இளகினேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் கொஞ்சம்தான்.

இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். இந்த ஊர் ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது, நிரந்தரமாக இருப்பீர்களா என்று இயக்குநர் கேட்டிருக்கிறார், இன்னும் பதில் சொல்லவில்லை என்று போனில் உங்கள் மூன்று பேரிடமும் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. உடனே மாமா "அதான் சரியான சமயம், முடிச்சுக்கிட்டு வந்துடு, மாடி ரூம ரெடி பண்ணிடறேன்" என்றார். அத்தை பெயிண்ட் என்ன கலர் வேண்டும் என்று கேட்டாள். நீ "அப்ப நான் வண்டிக்குச் சொல்லிடறேன், நீ எதையும் தொடாதம்மா" என்றாய். நான் பேசவில்லை. நம் குடும்பத்தில் கலந்து பேசுவது என்றால் இதுதானே. மாமா பேசுவார், அத்தை தலையாட்டுவாள், நீ தேதி குறிப்பாய், நான் சும்மா இருப்பேன், அதற்குப் பெயர் ஒருமனதான முடிவு. கலருக்கும் நான் பதில் சொல்லவில்லை, அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டு வெளிர்பச்சை அடித்துவிட்டார்களாம். வண்டிக்குச் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். நான் பெற்ற பிள்ளையை நானே குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

மேஸ்திரியைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டார். போன வருஷம் மாமா வீட்டிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகள் ஒட்டிய டேப் பிரியாமல் சுவரோரம் என் உயரத்துக்கு அடுக்கியபடியே இருந்தன. "பாதி வேலைய நீங்களே முடிச்சு வெச்சிட்டீங்களே மேடம், இப்படி ஒரு கஸ்டமர் கெடச்சா நாங்கல்லாம் மத்தியானமே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். மனிதர் விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்குச் சுருக்கென்றது. வந்ததிலிருந்து ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி, தரையில் மெத்தை என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். நேரமில்லை என்று உன்னிடம் சொல்லி வந்தேன். ஒரு முடிவை இரண்டு முறை சோதித்துப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்பது என் தொழில் பழக்கம், அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது. ஊர் சரிப்படவில்லை என்றால் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒரு காலை வாசலிலேயே வைத்திருந்திருக்கிறேன். நீங்கள் என்னைக் கேட்காமல் வண்டி அனுப்பியது தப்பு, ஆனால் ஏறுவதற்குத் தயாராக நிற்பவள் மாதிரி நான் உட்கார்ந்திருந்ததும் உண்மை. அந்த இடத்திலேயே எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் பாதி, என் மேல் பாதி.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து மேஸ்திரியிடம், கட்ட வேண்டாம், இதையெல்லாம் பிரியுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "எங்களுக்குக் கட்டத்தான் சொல்லியிருக்காங்க மேடம்" என்றார். கட்டத் தெரிந்தவர்களுக்குப் பிரிக்கத் தெரியாதா என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய் அவர் ஆபீசுக்குப் பேசினார். அவர்களுக்கு ஒரு நாள் வேலை என்றால் ஒரு நாள் வேலைதானாம், எந்தப் பக்கம் செய்தாலும் சரிதானாம். திரும்பி வந்து தன் ஆட்களிடம் "டேய், இன்னிக்கு எல்லாம் ரிவர்ஸ்ல. இத்தன வருஷத்துல வண்டி காலியா வந்து காலியா போறது இன்னிக்குத்தான்டா" என்றார். அவர்களுக்கு ஒரே சிரிப்பு.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்தாள். "என்னக்கா, சொல்லாம கொள்ளாம கெளம்பிட்டீங்க? நீங்க குடுத்த ஸ்க்ரீன் துணியத் தெச்சு வெச்சு எத்தன நாளாச்சு, அத நான் என்ன, போத்திக்கிட்டுத் தூங்கறதா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். கிளம்பவில்லை, பெட்டிகளைப் பிரிக்கிறேன் என்றதும் குரலே மாறிவிட்டது. கீழே இருக்கும் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அலமாரியை அங்கே வைத்தால் வெளிச்சம் மறையும், அடுப்புக்கு மேலே பாத்திரம் வைத்தால் எண்ணெய்ப்பிசுக்கு ஏறும், கண்ணாடியை வாசலுக்கு நேரே மாட்டினால் கதவைத் திறப்பவர்கள் தங்களைப் பார்த்தே பயந்துவிடுவார்கள். மேஸ்திரி ரகசியமாக என்னிடம் "இவங்கள எங்க கம்பெனிக்கு அனுப்புங்க மேடம்" என்றார். மத்தியானத்துக்குள் ஜன்னல்களுக்கெல்லாம் திரை ஏறிவிட்டது. அத்தை கட்டிக் கொடுத்த பெட்டிகளில் மூன்று குக்கர் இருந்தன, ஒன்றுக்கும் மூடி இல்லை. உன் பள்ளிக்கூட ஷூ ஒரு ஜோடி இருந்தது, எதற்கு என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

அப்பாவின் வரைபட மேஜையும் துண்டு துண்டாக ஒரு பெட்டியில் இருந்தது. அதை மறுபடி பொருத்துவதற்கு அவர்களுக்கு வெகு நேரம் ஆயிற்று. பலகையில் அப்பா பிளேடால் கீறிய கோடுகளைப் பார்த்துவிட்டு மேஸ்திரி "சார் இன்ஜினியரா?" என்று கேட்டார். கட்டட வரைவாளர், இப்போது இல்லை என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேஜையை ஒரு முறை துடைத்தார், பிறகு எங்கே போடணும் என்று கேட்டார். ஜன்னலோரம் என்றேன். அங்கேதான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா போனபிறகு அந்த மேஜையின் மேல் மாமா வீட்டில் துணி மடித்து வைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதும் அதற்குச் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

"அங்க உனக்கு யாரு இருக்கா?" என்று மாமா என்னை விடாமல் கேட்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் போன் எடுக்காமல் கிடந்ததுதான் அவருடைய பெரிய வாதம். அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. தையல்காரம்மா கதவை உடைக்காத குறையாகத் தட்டி, "நல்லவேள, செத்துட்டீங்களோன்னு பாத்தேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, கஞ்சி வைத்துக் கொடுத்து, போய்விட்டாள். போய்விட்டாள் என்பதைக் கவனி. மாமா வீட்டில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கட்டிலைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து என்ன சாப்பிட்டாய் என்று மாறிமாறிக் கேட்டார்கள், ஒருவரும் எழுந்து போகவில்லை, எனக்குத் தூங்க வழியில்லை. அவர்கள் அன்பைக் குறை சொல்லவில்லை. அந்த அன்பில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை என்கிறேன்.

ஊர் எனக்கு உடனே பிடித்துவிட்டது என்று கதைவிட மாட்டேன். வந்த புதிதில் பஸ் மாறி ஏறி, ஊருக்கு வெளியே ஒரு டயர் கிடங்கு வாசலில் இறங்கி நின்றிருக்கிறேன். இந்தக் கட்டடத்தின் லிஃப்ட் எந்த மாடியிலும் சரியாக நிற்காது, ஒரு சாண் முன்னேயோ பின்னேயோதான் நிற்கும், தடுக்கி விழாமல் இறங்கவே தனிப் பயிற்சி வேண்டும். ஆய்வகத்தில் என்னைவிட வயதில் சின்னவர்கள் எல்லோரும் எனக்கு மேலே இருந்தார்கள். என் வேலை குழாய்த் தண்ணீர் பிடித்து வந்து சோதிப்பது. காலையில் சாம்பிள் வண்டியில் கிளம்புவோம், டிரைவரும் நானும். குழாயைத் துடைத்து, கிருமி சாக அதன் வாயில் நெருப்புக் காட்டி, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, அப்புறம் பாட்டிலில் பிடிக்க வேண்டும். கையில் நெருப்போடு அடுப்படியில் நிற்கும் என்னைப் பார்த்து ஒரு வீட்டம்மா "கனெக்‌ஷனக் கட் பண்ண வந்தீங்களா, கொளுத்த வந்தீங்களா?" என்று கேட்டாள். ஆனால் இப்படித்தான் எனக்கு ஊர் பிடிபட்டது. தெருப்பெயர்கள் இன்னும் குழம்பும், குழாய்கள் குழம்பாது. எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு வருகிறது, எங்கே மருந்து வாடை தூக்கலாக இருக்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் குடம் கலங்கி வரும், எல்லாம் மனப்பாடம். டிரைவர் என்னிடம் வழி கேட்க ஆரம்பித்திருக்கிறார். அவர் என்னை "புரொபசர்" என்று கூப்பிடுவது மரியாதையா கிண்டலா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. போன மாதம் ஒரு தெருவின் பாட்டில்கள் மட்டும் சோதனையில் திரும்பத் திரும்பக் கிருமி காட்டின. வண்டியில் ஜன்னல் பக்கம் வைத்ததில் பாட்டில் மேல் வெயில் பட்டிருக்கும் என்று ஆய்வகத்தில் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை, மறுபடி மறுபடி போய்ப் பிடித்தேன். சாக்கடைக்குப் பக்கத்தில் குழாய் விரிசல் விட்டிருந்தது. தோண்டி மாற்றினார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நான் யாரென்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எனக்குத் தெரியும், அது போதும்.

திங்கட்கிழமை போனதும் இயக்குநரிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் "அப்பாடா" என்றார். டிரைவர் முகம் தொங்கிப்போயிற்று, நான் இந்த மாதத்தோடு ஓடிவிடுவேன் என்று வாட்ச்மேனிடம் பந்தயம் கட்டியிருந்தாராம், இனி ஒரு வாரம் அந்த வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். அன்று சாயங்காலமே மாமாவுக்கு நானே போன் செய்தேன். வரலைண்ணா, இங்கேயே இருக்கப் போகிறேன் என்றேன். மாமா குறுக்கே பேசாமல் என்னை முடிக்க விட்டது இதுதான் முதல் தடவை. அப்புறம் "அப்ப பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்டார். நீங்கள் குறட்டை விடும்போது அண்ணி போய்ப் படுத்துக்கொள்ளட்டும் என்றேன். வைத்துவிட்டார். இதுவரை பேசவில்லை. உன்னைக் கூப்பிட்டு "உங்கம்மாவுக்குத் திமிரு" என்று சொல்வார். ஆமாம் மாமா என்று சொல்லிவிடு, எனக்காக வாதாட வேண்டாம். கோபம் தீரும்போது தீரட்டும். தீராவிட்டாலும் அதற்காக நான் பெட்டியை மறுபடி கட்டப் போவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ இரண்டு சூட்கேஸோடு அவ்வளவு தூரம் கிளம்பியபோது உனக்கு அங்கே யார் இருந்தார்கள்? முதல் குளிர்காலம் முழுக்கப் போனில் அழுதாய். திரும்பி வா என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். அப்பா "வரச் சொல்லேன்" என்றார், அவரிடமும் சண்டை போட்டேன். உன்னைக் கட்டித் தூக்கி வர வண்டி அனுப்ப எனக்குத் தெரியாதா? நீ போனால் முன்னேற்றம், நான் போனால் பிடிவாதமா? ஐம்பதை நெருங்குகிறவள் புது ஊரில் தடுமாறினால் அது வயது, இருபத்துமூன்றில் நீ தடுமாறினால் அது அனுபவமா? தடுமாற்றம் எனக்கும் வேண்டும். என் முறைக்கு நான் தடுமாறிக்கொள்கிறேன், நீ கொஞ்சம் விழுங்கக் கற்றுக்கொள்.

பெட்டிகள் போனதும் முன்னறை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அங்கே ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன், மெத்தை கொஞ்சம் கெட்டி, உனக்கு அப்படித்தான் பிடிக்கும். நீயும் மாப்பிள்ளையும் லீவு கிடைக்கும்போது வாருங்கள். மாமாவும் அத்தையும் வந்தாலும் அதே கட்டில்தான். அம்மாவைப் பார்க்க வருகிறவர்களுக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் இடம் உண்டு. அம்மாவை அழைத்துப்போக வருகிறவர்கள் கீழே தையல் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ராத்திரி கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாதே. மாப்பிள்ளை பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல் ஒரு தடவை வாய்விட்டுக் கேள், அவரும் என்னைப் போலத்தான் என்று எனக்குச் சந்தேகம். இரண்டு பேரும் நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் நீண்ட நாள் இருங்கள்.

மறந்துவிடாதே, அந்த வண்டிக் கம்பெனியிலிருந்து வேலை எப்படி இருந்தது என்று கேட்டு உனக்குச் செய்தி வரும். ஐந்து நட்சத்திரமும் கொடு. ஒன்றுகூட உடையவில்லை.

இப்படிக்கு,
புது விலாசத்திலேயே இருக்கும்,
உன் அம்மா