தடைக்காலத்து வஞ்சிரம்

அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனாலும் கை சும்மா இருக்காமல் அவள் நெற்றிக்கே போகிறது. போன் உறையைக் கழற்றித் துடைத்தேன். உள்ளே ஒரு மீன் செதில், காய்ந்து, கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மீன் கையோடு போனைத் தொடாதே என்று உன்னோடு எத்தனை சண்டை! நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். சுரண்டவில்லை.

நம் சேனலில் ஒரு தப்பு செய்துவிட்டேன், அக்கா.

ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்கள் நாம். நீ காசிமேட்டில் மீன் விற்பவள், நான் பி.காம். முடித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தவள். நல்ல மீன் பார்த்து வாங்குவது எப்படி என்று நீ பேச, நான் படம் எடுப்பதென்று ஆரம்பித்தோம். முதல் நாள், "வணக்கம் சொல்லி ஆரம்பிக்கா" என்றேன். "யாருக்குமே? எதிர்ல நீ ஒருத்திதான் நிக்கிற. உனுக்கு இன்னாத்துக்கு வணக்கம்?" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. அந்த ஆட்டத்தோடேயே அதை ஏற்றினோம்.

எடுத்ததையெல்லாம் ஏற்றினேன். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. யாரும் பார்க்கவில்லை. சலித்துப்போய் உன்னிடம் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இன்னாமே இது, வலைய அப்டியே கொட்டி வெச்சிகிற? எவ குனிஞ்சி பொறுக்குவா? கூறு போடு." கலந்து வந்த மீனைப் பலகையில் நீ சின்னச் சின்னக் குவியலாகக் கூறு போடுவாயே, அதைப் போலவே நம் வீடியோக்களையும் பிரிக்கச் சொன்னாய். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கூறு, முள்ளுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கூறு, மாசக் கடைசிக்கு ஒரு கூறு. அன்றைக்குத் துறைமுகத்தில் என்ன இறங்கியதோ அதைப் பற்றியதை மட்டும் ஏற்று. மற்றதெல்லாம் காத்திருக்கட்டும் என்றாய். நல்லதாக எடுத்த எத்தனையோ உன் பேச்சால் போனிலேயே கிடந்தன. அப்போது எனக்கு வயிற்றெரிச்சல்.

மாதவரத்திலிருந்து ஒரு பெண் வஞ்சிரம் விலை கேட்டு எழுதியது நினைவிருக்கிறதா? நான் போனில் விலையைத் தட்டப் போனேன். நீ தடுத்தாய்.

"வூட்ல யார் யார் கீறாங்கன்னு கேளு. புள்ள கீதா? பல்லு மொளைச்சிச்சா?"

"அக்கா, அவங்க கேட்டது விலை."

"வெலைய எவ வேணா சொல்லுவா. புள்ளைய கேட்டவளாண்டதான் நாளிக்கும் வருவா."

வந்தாள். அவள் தங்கையையும், மாடி வீட்டுக்காரியையும் சேனலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். தினமும் மத்தியானம் நான் ஒவ்வொரு கேள்வியாகப் படிக்க, நீ மீன் கூடையைக் கழுவிக்கொண்டே பதில் சொல்ல, நான் தட்டுவேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் சேனல் வளர்ந்தது. வீடியோவால் வளர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு காலை ஏலத்துக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் போனைத் திறந்தால் மாதவரத்துப் பெண்: "அக்கா, ரெண்டு வாரமா ஆளைக் காணோம், உடம்பு சரியில்லையா?"

நீ இல்லை என்று எழுத என் விரல் வரவில்லை. "கொஞ்சம் வேலம்மா கண்ணு, பாப்பா சாப்ட்டாளா?" என்று எழுதினேன். அன்று தொடங்கியது. போனில் கிடந்த வீடியோக்களை வாரத்துக்கு ஒன்றாக ஏற்றினேன். உன் வாயால் பதில் போட்டேன். அவள் மகள் முதல் அடி எடுத்து வைத்ததை உனக்குத்தான் எழுதினாள். "என் ராசாத்தி, சுத்திப் போடு" என்று எழுதிவிட்டு நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

உன் கொழுந்தனார், அதான் என் வீட்டுக்காரர், ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டார். "செத்தவங்க பேர்ல பதில் போட்டுகினு கீற? நாளிக்கு எவனாச்சும் வந்து கேட்டா இன்னாடி சொல்லுவ?" என்றார். "நீ வாய வெச்சிகினு சும்மா இரு" என்றேன். அவர் சொன்னது சரி.

போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல் அதிகம். "பெரிம்மா, பெரிம்மா" என்று ஒரே அழுகை. பழைய வீடியோ ஒவ்வொன்றாகக் காட்டினேன். நீ பெரிய வஞ்சிரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கும் ஒன்றில் அழுகை நின்றது. அதையே ஏற்றிவிட்டேன். அந்த வாரத்துக்கு ஏதாவது ஒன்று போட வேண்டுமே. தேதி பார்க்கவில்லை, யோசிக்கவில்லை.

சித்திரை மாதம், அக்கா. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு லாஞ்செல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. வீடியோவில் உன் பின்னால் லாஞ்சிலிருந்து கூடை கூடையாக இறங்குகிறது. நீ, "இன்னிக்குக் காலைல வந்த மீனு, கண்ணப் பாரு, எப்டி கீது" என்கிறாய்.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒருவர் எழுதினார்: "தடையில எந்த லாஞ்சு போச்சு? ஐஸ் மீன இன்னிக்கு மீனுன்னு விக்கிறியா?" அதன் கீழே இன்னொருவர், இன்னும் நாலு பேர். "இவங்களும் அவ்ளோதானா." "நம்பி வாங்கினோமே." ஐஸ் மீனை ஐஸ் மீன் என்று சொல்லியே விற்றவளை! கெட்டுப்போன ஒரு சங்கரா மீனுக்காக ஒரு கிழவியைக் கல்மண்டபம் வரை துரத்திப் போய்ப் பணம் திருப்பிக் கொடுத்தவளை!

வீடியோவை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுத்தால் மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாய் என்பார்கள். விட்டால் திட்டு நாளுக்கு நாள் ஏறுகிறது. மாதவரத்துப் பெண் மட்டும் எல்லோரோடும் சண்டை போடுகிறாள். "எங்க அக்கா அப்படி செய்ய மாட்டாங்க. அக்கா, நீங்களே வந்து சொல்லுங்க" என்று இன்று சாயங்காலம் எழுதியிருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் உன் பேர் மீளும். ஆனால் இத்தனை நாள் அவள் பிள்ளையை விசாரித்தது நீ இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்துபோகும். உன்னை அவளுக்கு மறுபடி சாகடிக்க வேண்டும். அதுவும் நான், இந்த விரலால். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

யார் எது கேட்டாலும் வீட்டில் யார் யார் என்று முதலில் விசாரிக்கும் பழக்கம் ஒன்றுதான் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டியது. மருந்துக் கடையில்கூடக் கேட்கிறேன். கூறு போட எனக்கு வரவில்லை என்பது இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "அக்கா தை மாசம் தவறிட்டாங்க. அது மார்கழியில எடுத்த வீடியோ. அவங்க யாரையும் ஏமாத்தல. அவங்க பேர்ல இவ்வளவு நாள் பதில் போட்டது நான், அவங்க ஓரகத்தி. பாப்பா நல்லா நடக்கிறாளா?"

கடைசி வரியை வைக்கலாமா, எடுத்துவிடலாமா? அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் ஒரு பதில் சொல்லு, அக்கா.