சத்தம் போடாத தேன்சிட்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை தயங்குகிறது. பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன், அதனால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. கொல்லைப்புறத்தில் தேன்சிட்டுக் கூடு
2. அம்மாவுக்கு வந்திருக்கும் கோளாறு
3. நீ செய்ய வேண்டியது

முதலாவது. துணி காயப்போடும் கொடியின் ஓரத்தில் ஒரு ஜோடித் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. நாரும் சிலந்தி வலையும் கொண்டு பெண்தான் கட்டியது, ஆண் கம்பியில் உட்கார்ந்து மேற்பார்வை, உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் தினமும் ஆறிலிருந்து ஏழுவரை சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பறவைச் சத்தங்களை நோட்டில் குறிக்கிறேன். காகம், மைனா, புறா எல்லாம் வழக்கம்போலக் கத்துகின்றன. இந்த ஆண் சிட்டு மட்டும் அலகைத் திறக்கிறது, தொண்டை துடிக்கிறது, சத்தம் வருவதில்லை. ‘தொண்டை நோயா? பக்கத்து வீட்டுப் பூச்சிமருந்தா?’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நீ பயந்துவிடாதே. அம்மாவுக்கு இல்லாத சத்தங்கள் கேட்கின்றன. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஏங்க, சிட்டு கத்துது, எழுதிக்கோங்க என்கிறாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றுமே இல்லை. போன வாரம் குஞ்சு பொரிச்சாச்சு, கீச்சுகீச்சுன்னு ஒரே கூப்பாடு என்றாள். அப்போதும் எனக்கு நிசப்தம்தான். ஒன்பது நாளில் பதினொரு முறை இப்படி ஆகியிருக்கிறது, தேதியும் நேரமும் குறித்திருக்கிறேன். முந்தாநாள் கரண்டியைப் போட்டுவிட்டு, குஞ்சுங்க அலறுதுங்க என்று விளக்குமாற்றோடு ஓடினாள். கொடிக்குக் கீழே பூனை நின்றது உண்மைதான், ஆனால் அது தற்செயலாக இருக்கலாம் அல்லவா? உன் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து எழுந்து போவாள், இரண்டே வருஷத்தில் என்னைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டாள். அம்மாவும் ஒருநாள் என்னை அப்படிக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நேரே கேட்கத் தைரியமில்லை. டாக்டருக்கு இரண்டு முறை போன் செய்து, ஹலோ என்றதும் வைத்துவிட்டேன்.

மூன்றாவது. நீ லீவு போட்டு வர வேண்டும். சும்மா பார்க்க வந்ததுபோல வந்து, அம்மாவை நைச்சியமாக டாக்டரிடம்

இங்கே எழுத்து நின்றதற்குக் காரணம், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவர் வந்துவிட்டார். பின்பக்கம் உட்கார்ந்து மெஷினைக் கழற்றியவர், இந்தக் கூச்சல்ல எப்படிங்க ஐயா மத்தியானம் தூங்குறீங்க என்றார். எந்தக் கூச்சல் என்றேன். ஸ்க்ரூடிரைவரால் கூட்டைக் காட்டினார். குஞ்சுகள் இரண்டும் வாயை அகலமாகத் திறந்துகொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து அம்மா, அவருக்கு அந்த மாதிரிக் கீச்சுச் சத்தம் மட்டும் கேக்காதுப்பா, நாலு மாசமாச்சு என்றாள், உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல. அவர் போனபிறகு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கைக்கடிகாரத்துல அலாரம் அடிக்க அடிக்க நீங்க அசையாம படுத்திருந்தப்பவே தெரிஞ்சுபோச்சு, சொன்னா அந்த நோட்டை மூடி வெச்சிடுவீங்க, அதான் கேக்கறப்பல்லாம் நானே சொல்லிக்கிட்டிருந்தேன் என்றாள். அந்தப் பதினொரு முறையும் எனக்காகத்தான் சொல்லியிருக்கிறாள். நான் அதை நோயென்று எழுதி வைத்திருக்கிறேன்.

குடிநீர் ஆய்வகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். அளவு விபரீதமாக வந்தால் தண்ணீரைக் குறை சொல்லுமுன் கருவியைச் சரிபார் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் சொன்னவன். கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், அவளைப் பற்றி நான் நினைத்ததை மறைத்ததாகிவிடும் என்று அப்படியே அனுப்புகிறேன். அவளிடம் இன்னும் காட்டவில்லை, காட்டத்தான் வேண்டும்.

நாளை காது டாக்டரிடம் போகிறோம், அம்மா கூட வருகிறாள். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. நீ லீவு போட வேண்டாம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், குழந்தைக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை முதலில் அம்மாவிடம் கொடுக்கும்படி என்னிடம் சொல், மறந்துவிடாதே. மேலே போட்ட பட்டியலில் இரண்டாவது தவறு. கோளாறு அம்மாவுக்கு அல்ல, எனக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா