பத்துக்கு இரண்டு

3 மார்ச்

வணக்கம்.

மருத்துவமனையிலிருந்து உங்களுக்கு வந்த கடிதம் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. நாம் தனித்தனியே வசிப்பது அவர்களுக்குத் தெரியாது. அறுவை சிகிச்சையன்று உடனிருப்பவர் என்று கையெழுத்திட்டது நான்தானே. பிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

குடலில் ஒரு சாண் வெட்டியெடுத்தபின், தையலுக்கு அடியில் மெல்லிய குழாயைச் செருகி, பந்து போன்ற ஒரு பம்பிலிருந்து மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சொட்டுச்சொட்டாக விட்டார்கள். அது ஓர் ஆய்வு. பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. இப்போது பட்டியலைத் திறந்திருக்கிறார்கள். உங்களுக்கு உப்புநீர்.

உங்கள் வலித்தாளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நாளும், வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்கக் கேட்க, பத்துக்கு இரண்டு, இரண்டு, இரண்டு. புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். எந்த உடம்பும் இப்படி நேர்கோட்டில் போகாது. என்ன நடந்தது?

விவாகரத்து மனுவை வக்கீல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டார். விசாரணை 24ஆம் தேதி.

இப்படிக்கு,
நான்தான்

9 மார்ச்

அன்புள்ள பேராசிரியைக்கு,

உன் கடிதம் விடைத்தாள் திருத்தின மாதிரி இருந்தது. நலமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நலம்தான். தையல் ஆறிவிட்டது, மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது.

முதல் நாள் உண்மையில் எட்டு. இருமினால் ஒன்பது. நர்ஸுக்குச் சந்தேகம்தான். “சார், நெஜமாவே ரெண்டுதானா? பக்கத்துக் கட்டில்காரர் ஊரையே கூட்டுறாரு, நீங்க என்னடான்னா பேப்பர் படிக்கிறீங்க. வேணும்னா ஊசி போடுறேன், சொல்லுங்க.” “எனக்குத் தோல் கொஞ்சம் தடிமன்மா” என்றேன். காலையிலிருந்து அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

உன் பையில் அந்த மனு இருந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே, சீப்பைத் தேடும்போது பார்த்தேன். எட்டு என்று சொல்லியிருந்தால் அதை நீ வெளியே எடுத்திருக்கமாட்டாய். பரிதாபப்பட்டு வீட்டோடு வந்திருப்பாய். அப்படி நீ வந்து நான் என்ன செய்ய? இரண்டு என்றேன். மூன்றாம் நாள் எடுத்து நீட்டினாய். கையெழுத்துப் போட்டேன்.

உன்
ஊமைக்கோட்டான்

15 மார்ச்

வணக்கம்.

நலம் கேட்காதது தவறுதான்.

ஆய்வு செய்தவரிடம் பேசினேன். உங்கள் வலித்தாளை ஆய்விலிருந்து விலக்கிவிடச் சொன்னேன். “மேடம், பேஷன்ட் சொன்னதுதான் எங்களுக்குக் கணக்கு” என்றார். இன்னும் எத்தனை பேர், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு எண் சொன்னார்களோ.

நீங்கள் ஒருமுறை முனகியிருந்தால்கூட மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பேன். பரிதாபத்தால் அல்ல. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பத்தொன்பது வருடமாக நானேதான் ஊகித்துக்கொண்டிருக்கிறேன், அலுத்துவிட்டது. எதையும் இருமுறை சரிபார்க்கிறவள், அந்த இரண்டை மட்டும் அப்படியே நம்பினேன். எனக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

24ஆம் தேதி நீதிபதி நம் இருவரையும் தனித்தனியே கேட்பார், சம்மதமா என்று. கையெழுத்துப் போட்டபின்னும் மறுக்கலாமாம், வக்கீலிடம் விசாரித்தேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அதற்குத் தோதாக ஒன்றைச் சொல்லிவிடுவீர்கள்.

என்னை முதலில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அடுத்து நீங்கள் போகும்போது நான் வெளியே இருப்பேன், கதவு சாத்தியிருக்கும்.

பதில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
நான்