பால் பட்டுக் கரைந்த கல்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
12.12.1986

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அப்பா ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முட்டிவலியும் என்னை விட்டுப் பிரியாமல் நலமாகவே இருக்கிறது. அங்கே சரவாக் காட்டில் நீ நலமாக இருக்க முருகன் துணை.

நேற்று நீ போன் போட்டதும் பக்கத்து வீட்டு ஹாஜரா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து அம்மாவிடம், ருக்குக்கா உங்க மக ஜெயிச்சிட்டா லா, வந்து போனைப் பிடிங்க என்று கத்தியதில் அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. நிலக்கரிக் கம்பெனி அந்த மலைச்சரிவைத் தோண்டக் கூடாது, மலைக்குக் கீழே ஒரே கூரையடியில் வரிசையாக நீள வீட்டில் இருக்கும் குடும்பங்கள் பயமில்லாமல் இருக்கலாம் என்று பரிசீலனைக் கூட்டத்தில் உன் பேச்சு எடுபட்டதை மார்க்கெட் மீன்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை மகளே. அம்மா கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள், எனக்கு மட்டும் சர்க்கரை வியாதியைக் காட்டி ஒரே கரண்டி.

இனி, எழுதவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிய விஷயம். நான் சத்தியம் செய்யவில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினேன். லீவு முடிந்து போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ விமானம் ஏறியபோது, ஈப்போ லேப் ஆள் யூசுப் மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார் என்று ஒரு பெட்டியை என்னிடம் கொடுத்தாய் அல்லவா, மலையில் துளை போட்டு எடுத்த கற்கள். உன் வேலைப் பேச்சை எடுத்தாலே அம்மா சண்டைக்கு வருவாள் என்று அதில் என்ன இருக்கிறது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை நான் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். துணியில் சுற்றி, கறுப்பாக, வழவழவென்று, உருண்டு நிமிர்ந்து நிற்கிற கல். என்ன நினைத்தாள் தெரியுமா, மகள் சண்டையை மறந்து ஆற்றங்கரையிலிருந்து எனக்காக லிங்கம் கொண்டுவந்திருக்கிறாள் என்று. அதுவும் கார்த்திகைத் திங்கள், கேட்க வேண்டுமா. நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது உன் கல் பித்தளைத் தாம்பாளத்தில் திருநீற்றுப் பட்டையோடு உட்கார்ந்திருக்கிறது, அம்மா கண்ணை மூடிப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

கண்ணைத் திறந்தால் லிங்கம் இல்லை. அடிப்பக்கம் பிட்டு மாதிரி உதிர்ந்து, பாலோடு சேர்ந்து கறுப்புச் சேறாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். என் பூசையில என்ன குறைங்க என்று அழுதாள். நான் உண்மையைச் சொன்னதும் அழுகை நின்று முகமே வெளுத்துவிட்டது, பிள்ளையோட வேலையைக் கெடுத்துட்டேனே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யூசுப் வந்ததும் தாம்பாளத்தையே நீட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அங்கிள், மழைத் தண்ணி பட்டா இந்தக் கல்லு தாங்குமான்னு பார்க்கத்தான் உங்க மக அனுப்பறாங்க, நாங்க தண்ணியில போடுவோம், ஆன்ட்டி பால்ல போட்டுட்டாங்க, பெட்டியில இன்னும் நிறைய இருக்கு லா என்றார். கல்லு கெட்டி, மலை அசையாதுன்னு கம்பெனி சொல்லுது, அக்கா ஒருத்தர்தான் இல்லைங்கறாங்க என்றும் சொன்னார்.

அவர் போன பிறகு அம்மா அந்தச் சேற்றை விரலால் நசுக்கிப் பார்த்தாள். ஒரு சொம்புப் பாலுக்கே இப்படின்னா, அந்த ஊரு மழைக்கு மலை என்னத்துக்காகும், கீழ சின்னப் புள்ளைங்க தூங்குமே என்று கேட்டாள். அக்கரையில் செபராங் ஜெயாவில் ஏதாவது ஆபீஸ் வேலை, சேலை கட்டிக்கொண்டு ஃபெர்ரியில் போய்வரலாம் என்று மூன்று வருடமாகப் பாடிய பாட்டை அன்றோடு நிறுத்திவிட்டாள். லேப்பில் என்ன சொன்னார்களோ என்று தினமும் என்னைத்தான் அரித்தெடுத்தாள். நேற்று உன் குரலைக் கேட்டதும் அழுதாளே, அது பழைய அழுகை இல்லை, நீ கவலைப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் மெகி நூடுல்ஸில் காலம் தள்ளாதே. அட்டைக்கடிக்குப் புகையிலைத் தண்ணீர் தடவு. இருவர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. தனியாக ஒரு பார்சல் வரும். அளவுக்கு உன் பழைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி, முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கியிருக்கிறாள் உன் அம்மா. இரண்டுக்கும் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள். காலில் போடுவதற்கு யாராவது பொட்டு வைப்பார்களா என்று கேட்டேன். ஆயுத பூசைக்கு உங்க சைக்கிளுக்கு வைக்கலையா, இது என் மகளோட ஆயுதம் என்றாள். நீயாகத் துடைத்துவிடாதே, அந்த மலைச் சேற்றில் அதுவாகவே போகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தங்கராஜு