பாஸ்போர்ட் பலகைக்குக் கீழே ராக்கம்மா

1973, கார்த்திகை. ஞாயிறு இரவு, பதுளை.

ஜமாலின் முகத்தில் இனி விழிக்கப் போவதில்லை. சிநேகிதன், ஸ்டூடியோக்காரன் என்று நம்பித்தானே பிலிமைக் கழுவக் கொடுத்தேன்?

போன மாதம், துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியைப் படம் எடுத்து மிஞ்சிய பிலிமோடு பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் இருந்த ராக்கம்மா, முன்பின் தெரியாத என்னை நம்பி, புருஷனையும் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "படம் எங்க கைக்கு மட்டுந்தான் வரணும், மொதலாளி" என்றாள். வாக்குக் கொடுத்தேன்.

இன்று காலை அவள் புருஷன் என் துணிக்கடைக்கு வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். ஜமால் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கடைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருக்கிறான். அதுவும் எங்கே? 'இந்தியா பாஸ்போர்ட் படம் இங்கே எடுக்கப்படும்' என்ற பலகைக்குக் கீழே! தோட்டத்தில் ஒரு குடும்பம் சேர்ந்து படம் பிடித்தாலே ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பேர் கொடுத்துவிட்டதாகத்தான் பேசுவார்கள். மகளைப் பெண் கேட்டு முடித்திருந்தவர்கள், கப்பலேறுகிற பெண் வேண்டாம் என்று விலகிவிட்டார்களாம்.

போய்ச் சத்தம் போட்டேன். "நல்ல படம் மச்சான், அதான் வச்சேன்" என்று சிரிக்கிறான், மடையன். படத்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனேன்.

ராக்கம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நாங்க போகலன்னு காட்டுற மாதிரி ஒரு படம் எடுக்க முடியுமாங்க?"