ஐந்து மணி பன்

3 ஜூன் 1996, திங்கள்
எண்பத்தொரு கிலோ இருக்கிறேன். சர்க்கரையும் வந்துவிட்டதாம். மூன்று மாதத்தில் ஐந்து கிலோவாவது குறைக்காவிட்டால் ஊசிதான் என்கிறார் டாக்டரம்மா. "நல்லா நடங்க. காய்கறி நெறையச் சாப்புடுங்க." நடக்கலாம் — எப்போது? காலை எட்டரைக்கு பனியன் கம்பெனி மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுகிறேன். ஒன்றரை ஷிப்டுக்கு ஒத்துக்கொள்ளாத டெய்லருக்கு மறுநாள் மெஷின் கிடையாது. பீன்ஸ் என்ன விலை என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது போல. ரேஷன் அரிசியும் பாமாயிலும்தான் எங்கள் வீட்டுச் சமையல்.

5 ஜூன்
வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "வெள்ளகோயல்ல காட்டு வேலைக்குப் போனப்ப எலும்புந் தோலுமா இருந்தே. இப்பத்தான் அம்மணி ஆளாட்டம் இருக்கறே."

10 ஜூன்
கம்பெனிக்கு நடந்து போனேன். பத்து நிமிடம் தாமதம், அரை நாள் சம்பளம் போச்சு. சூப்பர்வைசர் திருமூர்த்தி, "ஏனுங்க்கா, ஒடம்பக் கொறைக்கறதுன்னா லீவு போட்டுட்டுக் கொறைங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். முன்னாலேயே கிளம்பலாம் என்றால் குழாயில் தண்ணீர் வருவதே ஏழு மணிக்கு.

12 ஜூன்
ஒரு வழி கிடைத்தது. ஐந்து மணிக்குக் கம்பெனியில் டீ, பன், இரண்டு பஜ்ஜி ஓசியில் தருவார்கள். இனி தொடப் போவதில்லை. ஆனால் தூக்கிப் போட மனசு வருமா? பட்டினி கிடந்து வளர்ந்தவள் நான். மகள் சித்திகா பள்ளிக்கூடம் விட்டு வீட்டுச் சாவி வாங்கக் கம்பெனி கேட்டுக்கு வருவாள். சாவியோடு பன்னையும் பஜ்ஜியையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை; நான் வந்து சோறு ஆக்கும்வரை அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

1 ஜூலை
பசி. மூன்று பீஸ் கோணலாகத் தைத்துவிட்டேன்.

19 ஜூலை
பக்கத்து மெஷின் பங்காரம்மாவும் தன் பன்னை என் பொட்டலத்தில் வைக்கிறாள். "கொழந்தைக்குத்தானுங்க்கா, இருக்கட்டும்." மனசு நிறைந்து போனது.

11 ஆகஸ்ட், ஞாயிறு
பாவாடைக் கொக்கி எட்டவில்லை என்றாள் சித்திகா. வளர்கிற வயசு. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். விளையாடப் போ என்று சொல்லவும் முடியாது. சந்து முழுக்க லாரி. நான் வரும்வரை கதவைத் தாழ் போட்டு டிவி பார்க்கிறாள்.

2 செப்டம்பர், திங்கள்
ஐந்தரை கிலோ குறைந்துவிட்டேன்! ஊசி வேண்டாமாம். டாக்டரம்மா கை கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது கூட வந்திருந்த சித்திகா விளையாட்டாக எடை மெஷின் மேல் ஏறினாள்.
ஐம்பத்துநான்கு. பத்து வயசுக்கு.
"பொண்ணுக்கு என்னங்க குடுக்கறீங்க?" என்றார் டாக்டரம்மா. சித்திகாவை இறக்கிவிட்டேன். நான் வேண்டாம்னு ஒதுக்குனதையெல்லாம் எம்புள்ள வாயில திணிச்சிருக்கறேன் — நானெல்லாம் ஒரு தாயா?

3 செப்டம்பர்
இன்று சாவியை மட்டும் கொடுத்தேன். "பசிக்குதும்மா" என்றாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தக் காத்திருந்தார். உள்ளே மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.